ஒரு டாலர் நோட்டுக்காரரைத் தேடி மூணு நாள்

அக்டோபர் 11, வெள்ளி ராத்திரி

முதல்லயே சொல்லிடறேன், இந்த டிரிப் என் ஐடியா இல்ல. லாங் வீக்கெண்ட் வருதுன்னா நாங்க வழக்கமா காஸ்ட்கோ போவோம், துணி மடிப்போம், அவ்வளவுதான். இந்தத் தடவை மாமா வந்திருக்கார், என் வீட்டுக்காரரோட அப்பா. கவர்மென்ட் ஸ்கூல்ல டிராயிங் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். ஆகஸ்ட்ல வந்து இறங்கினதுல இருந்து வீட்டு ஜன்னல்ல உட்கார்ந்து எதிர்வீட்டு மேப்பிள் மரத்தை ஒன்பது தடவை வரைஞ்சு முடிச்சுட்டார்.

ஒரு நாள் கடையில மீதி வாங்கின ஒரு டாலர் நோட்டை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துட்டு "ஏம்மா, இந்த வாஷிங்டன் படத்தை வரைஞ்சது யாரு?"ன்னு கேட்டார். எனக்கு என்ன தெரியும், பதினோரு வருஷமா இந்த நோட்டை டிப்ஸ் ஜார்ல போட்டிருக்கேன், ஒரு தடவை கூட அந்த மூஞ்சியை உத்துப் பார்த்ததில்ல. தேடிப் பார்த்தா கில்பர்ட் ஸ்டூவர்ட்னு ஒருத்தர், 1755-ல ரோட் ஐலண்ட்ல பிறந்தவர், பிறந்த வீடு இன்னும் அப்படியே இருக்கு, எங்க வீட்டுல இருந்து மூணரை மணி நேர டிரைவ். அதுக்கப்புறம் ரெண்டு வாரம் ஐபேட் மாமா கையிலதான்.

கடைசி நேரத்துல என் வீட்டுக்காரருக்கு ஆபீஸ்ல ரிலீஸ் சொதப்பிடுச்சு. "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்களேன்"னு ரொம்ப சாதாரணமா சொல்லிட்டார். மாமனாரோட மூணு நாள் தனியா கார்ல. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தாப்ல பத்து நிமிஷம் பேசியிருந்தா அதிகம்.

அக்டோபர் 12, சனி - சாண்டர்ஸ்டவுன்

மூணரை மணி நேரம்னு மேப் சொன்னது, கனெக்டிகட் தாண்டவே நாலு மணி நேரம் ஆச்சு. ஸ்டாம்ஃபோர்ட்ல இருந்து நியூ ஹேவன் வரைக்கும் 95-ம் நம்பர் ஹைவேல வண்டி ஊர்ந்துதான் போச்சு, கட்டிக் கொண்டு வந்த புளியோதரையை ஒரு கேஸ் ஸ்டேஷன் ஓரமா நின்னு தின்னோம், பக்கத்து கார்க்காரர் ஜன்னலை இறக்கி "வாசனை சூப்பர்"னார், மாமா உடனே ஒரு பேப்பர் பிளேட்டை எடுத்து அவருக்கும் வெச்சுக் கொடுத்தார். அந்த மனுஷன் காரம் தாங்காம அரை பாட்டில் தண்ணி குடிச்சுட்டு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கிட்டார்.

ஸ்டூவர்ட் பிறந்த வீடு ஒரு காட்டுப் பாதை முடிவுல ஓடைக்கரையில இருக்கு. செங்காவி நிறத்துல மர வீடு, மேல மடிப்பு விழுந்த மாதிரி ஒரு கூரை. நான் ஏதோ பெரிய ஆர்ட்டிஸ்ட் பங்களான்னு நினைச்சுட்டு வந்தா இது ஒரு மில். அதுவும் மூக்குப்பொடி மில்! மேல குடும்பம், கீழ பொடி அரைக்கிற இடம். வெளிய தண்ணிச் சக்கரம் சுத்தும், உள்ள பெரிய உரல் மாதிரி ஒரு தொட்டி, அதுக்குள்ள இரும்பு உலக்கைங்க சுத்திச் சுத்தி புகையிலையை அரைக்கும். ஸ்காட்லாந்துல இருந்து வந்த அப்பாவும் கூட்டாளிங்களும் 1751-ல போட்ட மில்லாம், அமெரிக்கக் காலனிகள்ல இதுதான் முதல் பொடி மில்னு அங்க பெருமையா சொல்றாங்க. பிசினஸ் ஓடல. பையனுக்கு ஆறு வயசு இருக்கும்போது 1761-ல எல்லாத்தையும் விட்டுட்டு நியூபோர்ட்டுக்குப் போயிட்டாங்க. ஆனா பொடி அவரை விடல, சாகற வரைக்கும் டப்பாவும் கையுமாத்தான் இருந்திருக்கார்.

மாமாவுக்கு இந்த மில்தான் ரொம்பப் பிடிச்சுது. அவங்க அப்பா பட்டணம் பொடி போடுவாராம், வாழைமட்டையில மடிச்சு இடுப்புல சொருகி வெச்சிருப்பாராம், அதை அந்த டூர் காட்டுற பாட்டிம்மாவுக்கு எக்ஸ்ப்ளெயின் பண்ணணும்னு என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். வாழைமட்டையை எப்படிச் சொல்றது? கையால மடிச்சுக் காட்டினேன். அந்தம்மா பொறுமையா கேட்டுட்டு அவங்க தாத்தாவும் பொடி போடுவார், கைக்குட்டையெல்லாம் கறை, பாட்டி தினமும் திட்டுவாங்கன்னாங்க. அதுக்கப்புறம் அஞ்சு நிமிஷ டூர் முக்கால் மணி நேரம் ஆச்சு.

ஒரே குறை, வீட்டுக்குள்ள மாட்டியிருந்த படங்கள்ல பெரும்பாலும் பிரதிகள். மாமா ஒவ்வொண்ணு முன்னாடியும் நின்னு மூக்கு உரசற தூரத்துல பார்த்துட்டு "பிரிண்ட்"னு முணுமுணுத்துட்டு அடுத்ததுக்குப் போனார். வெளிய ஓடையில மீனுக்குன்னு படிக்கட்டு மாதிரி ஒண்ணு கட்டி வெச்சிருக்காங்க, வசந்தத்துல ஹெர்ரிங் மீன் கடல்ல இருந்து அதுல ஏறிப் போகுமாம். இப்ப வெறும் இலைதான் மிதந்துச்சு.

ராத்திரி சாப்பாடு பெரிய கூத்து. ரோட் ஐலண்ட்ல போர்டெல்லாம் சிப்பி, நண்டு, லாப்ஸ்டர். அன்னைக்கு புரட்டாசி சனிக்கிழமை. மாமா மெனு கார்டை முழுக்கப் படிக்கச் சொல்லிட்டு, கடைசியில வேகவெச்ச சோளமும் பிரெஞ்சு ஃப்ரைஸும் சாப்பிட்டார். காஃபி மில்க்னு ஒண்ணு இந்த ஊர் ஸ்பெஷல்னு சர்வர் பொண்ணு ஆசையா கொண்டு வந்து வெச்சா, பால்ல காஃபி சிரப்பை ஊத்தி ஐஸ் மாதிரி சில்லுனு. மாமா ஒரு வாய் குடிச்சுட்டு என்னைப் பார்த்தார். "ஆறிப்போச்சும்மா, சூடு பண்ணித் தரச் சொல்லேன்."

மோட்டல் 310 டாலர். லாங் வீக்கெண்டாம். ஹீட்டர் ராத்திரி முழுக்க டக் டக்னு தட்டிக்கிட்டே இருந்துச்சு, சூடு மட்டும் வரல.

அக்டோபர் 13, ஞாயிறு - நியூபோர்ட்

பாலத்துக்கு 4 டாலர் டோல். கடல் காத்து ஆளைத் தள்ளுது. மாமா ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர், அதுக்கு மேல மஃப்ளர், குரங்குக் குல்லா.

காலையில ஒரு சின்னக் கடையில ஜானிகேக் சாப்பிட்டோம், வெள்ளைச் சோள மாவுல கல்லுல சுடற குட்டி அடை மாதிரி இருக்கும், வெளிய மொறுமொறுன்னு உள்ள கூழா. மேல மேப்பிள் சிரப் வேணாம்னுட்டு பையில இருந்து மாங்காத் தொக்கு டப்பாவை எடுத்தார் மாமா. அருமையா இருந்துச்சு, சத்தியமா. அந்த மாவு ஒரு பாக்கெட் வாங்கிக்கிட்டேன், 9 டாலர்.

அப்புறம் ரெட்வுட் லைப்ரரி. 1747-ல ஆரம்பிச்சதாம், முன்னாடி தூண் வெச்ச கோயில் மாதிரி முகப்பு, ஆனா கிட்ட போய்ப் பார்த்தா எல்லாம் மரம், கல்லு மாதிரி தெரியறதுக்கு வேலை பண்ணியிருக்காங்க. உள்ள ஸ்டூவர்ட் தன்னைத் தானே வரைஞ்ச படம் இருக்கு. ஒரு நோட்டுப் புத்தகத்தை விரிச்ச அளவுதான். கறுப்புத் தொப்பி, அதோட நிழல் நெத்தியில, திரும்பிப் பார்க்கிற ஒரு பார்வை. 24 வயசு முடியல அப்ப, 1778. "உனக்கு என்ன வேணும்?"னு கேட்கிற மாதிரி இருந்துச்சு எனக்கு. மாமா எதுவும் பேசல. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டு பத்து நிமிஷம் நின்னார். கால் வலிச்சு நான் பெஞ்ச்ல உட்கார்ந்துட்டேன்.

அந்தப் படம் வரையறதுக்கு முன்னாடி அவர் பட்ட பாடு தனிக் கதை, மதியம் துறைமுகத்துல உட்கார்ந்து மாமா சொன்னது. நியூபோர்ட்டுக்கு வந்த காஸ்மோ அலெக்சாண்டர்ங்கிற ஸ்காட்லாந்து ஓவியர் பையனோட கையைப் பார்த்துட்டு கூடவே எடின்பரோவுக்குக் கூட்டிட்டுப் போறார். போய்ச் சேர்ந்து கொஞ்ச நாள்லயே 1772-ல வாத்தியார் செத்துப் போயிட்டார். பையன் நடுத்தெருவுல. எப்படியோ கப்பல்ல வேலை பார்த்துக்கிட்டே ஊர் திரும்பினான். 1775-ல மறுபடியும் கிளம்பி லண்டன். காசில்லாம அலையும்போது ஒரு சர்ச்ல ஆர்கன் வாசிக்க ஆள் தேடறது காதுல விழுந்து, உள்ள போய் வாசிச்சுக் காட்டி வருஷத்துக்கு 30 பவுண்ட் சம்பளத்துல சேர்ந்துட்டார். அங்க கூட இருந்து கடனை அடைச்ச நண்பன் பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ், அவருக்காகத்தான் இந்தத் தொப்பிப் படம். அந்த வாட்டர்ஹவுஸ்தான் பின்னாடி டாக்டராகி 1800-ல அமெரிக்காவுக்கு அம்மைத் தடுப்பூசியைக் கொண்டு வந்தவர். என்ன சேர்க்கை பாருங்க.

கடைசியில பெஞ்சமின் வெஸ்ட்டுக்கு, அவரும் அமெரிக்காவுல இருந்து போய் லண்டன்ல பெரிய ஆளா இருந்தவர், கெஞ்சி லெட்டர் எழுதி அவர்கிட்ட அசிஸ்டென்ட்டா சேர்ந்து, 1782-ல கண்காட்சியில ஒரு படம் வெச்சார். வில்லியம் கிரான்ட்னு ஒருத்தர் போர்ட்ரெயிட்டுக்கு உட்கார வந்த நாள்ல ஒரே குளிர், இதுக்கு பேசாம ஐஸ் ஸ்கேட்டிங் போலாம்னு ரெண்டு பேரும் கிளம்பிப் போயிட்டாங்க. திரும்பி வந்து அவரை ஸ்கேட்டிங் போஸ்லயே முழு உருவமா, கையைக் கட்டிக்கிட்டு ஐஸ் மேல வழுக்கிப் போறாப்ல வரைஞ்சார். ஒரே படத்துல ஊர் முழுக்கப் பேரு.

"பேரு வந்தாச்சு, காசு வந்தாச்சு, அப்புறம் என்ன மாமா பிரச்சனை?"ன்னு கேட்டேன்.

"ஓட்டைக் கைம்மா. வந்தது எல்லாம் போச்சு."

1787-ல லண்டன் கடன்காரங்களுக்கு டிமிக்கி கொடுத்துட்டு டப்ளின் போனார். அங்க பாதிப் பணம் அட்வான்ஸ் வாங்கிட்டு முதல் நாள் மூஞ்சியை மட்டும் வரைவாராம், மீதி அப்படியே நிக்கும். 1793-ல அங்கேயும் கடனும் முடியாத படங்களுமா விட்டுட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறிட்டார். வாஷிங்டன் படம் ஒண்ணு வரைஞ்சா போதும், அதை வெச்சே கடனெல்லாம் அடைச்சிடலாம்னு பிளான். எனக்கு எங்க ஊர் டெய்லர்தான் ஞாபகம் வந்தார், தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி "காஜா மட்டும்தான் பாக்கிக்கா"ம்பார், போய்ப் பார்த்தா துணியையே வெட்டியிருக்க மாட்டார்.

இதைச் சொன்னதும் மாமா சத்தமா சிரிச்சுட்டார். அவர் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. பக்கத்துல ஃப்ரைஸ் திருட நின்ன கடல்புறா பறந்து போச்சு, போகும்போது என் பிளேட்ல இருந்து ஒண்ணு எடுத்துக்கிட்டேதான் போச்சு.

சாயங்காலம் பார்க்கிங்ல வந்து பார்த்தா 38 டாலர். நாலரை மணி நேரத்துக்கு. படம் பார்த்த டிக்கெட் கூட அவ்வளவு இல்ல.

அக்டோபர் 14, திங்கள் - பாஸ்டன்

காலையில இருந்து தூறல். இன்னைக்குத்தான் மெயின் ஐட்டம், பாஸ்டன் மியூசியம் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்ல அந்த ஒரிஜினல் வாஷிங்டன் படம். மாமா சட்டைப் பையில புது ஒரு டாலர் நோட்டு தயாரா இருக்கு, பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுப் பார்க்க.

ஆளுக்கு முப்பது டாலர் பக்கம் கொடுத்து டிக்கெட் வாங்கி உள்ள போய் அமெரிக்கன் ஆர்ட் பக்கம் தேடறோம் தேடறோம், காணோம். செக்யூரிட்டி கிட்ட கேட்டா "அது இப்ப வாஷிங்டன்ல இருக்கு"ன்னார். 1980-ல இந்த மியூசியமும் வாஷிங்டன் டி.சி.ல இருக்கிற நேஷனல் போர்ட்ரெயிட் கேலரியும் சேர்ந்து வாங்கின படமாம், அதனால ரெண்டு ஊர்லயும் மாறி மாறி இருக்கும். வெப்சைட்ல ஒரு தடவை பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். தப்பு முழுக்க என்னோடது. மூஞ்சியை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல எனக்கு.

மாமா கோவிச்சுக்கல. நோட்டை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சு அங்கேயே எனக்குக் கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சுட்டார். 1796-ல வரைஞ்ச படம் அது. மார்த்தா வாஷிங்டன்தான் புருஷன் படமும் தன் படமும் ஜோடியா வேணும்னு கேட்டு உட்கார வெச்சாங்க. ஸ்டூவர்ட் முகத்தை முடிச்சார், சுத்தி கொஞ்சம் பின்புலம் பூசினார், நிறுத்திட்டார். கித்தான்ல மீதி அப்படியே காலி. முடிச்சா கொடுத்துடணுமே! "இன்னும் வேலை பாக்கி"ன்னு சொல்லிச் சொல்லியே சாகற வரைக்கும் கையில வெச்சுக்கிட்டு அதைப் பார்த்துப் பார்த்து பிரதி போட்டு வித்தார், எழுபது பக்கம் போட்டிருப்பார்ங்கறாங்க. ஒரு பிரதி 100 டாலர். அதுக்கு அவரே வெச்ச பேரு "என் நூறு டாலர் நோட்டு". இப்ப அதே மூஞ்சி, கண்ணாடியில பார்க்கிற மாதிரி இடம் வலம் மாறி, ஒரு டாலர்ல.

அந்த வாய் ஏன் அப்படி உப்பி இறுகிப் போயிருக்குன்னும் கேட்டேன். பொய்ப்பல் செட்டாம், புதுசு, ஒழுங்கா உட்காரல. வரையறப்ப வாஷிங்டன் கல்லு மாதிரி இருப்பாராம், எதைப் பேசியும் முகம் மலரல, குதிரையைப் பத்திப் பேச்செடுத்ததும்தான் கொஞ்சம் உயிர் வந்துச்சுன்னு ஒரு கதை.

காப்பியடிச்சே பிழைச்ச ஆளுக்கு அவர் படத்தையே ஒருத்தர் காப்பியடிச்சா எப்படி இருக்கும்? ஃபிலடெல்ஃபியா கப்பல்காரர் ஒருத்தர் காப்பி எடுக்க மாட்டேன்னு சொல்லி ஒரு வாஷிங்டன் படம் வாங்கிட்டு, நேரா சீனாவுல கான்டன் போய் அங்க ஓவியர்களை வெச்சு கண்ணாடிக்குப் பின்பக்கமா வரையற மாதிரி நூறு பிரதி போட்டுக் கொண்டு வந்துட்டார். ஸ்டூவர்ட் கோர்ட்டுக்குப் போனார், 1802-ல தடையும் வாங்கினார். மாமா இதைச் சொல்லும்போது முகத்துல அப்படி ஒரு சந்தோஷம்.

படம் இல்லாட்டியும் வந்தது வீண் போகல. அதே மியூசியத்துல பால் ரிவியர் ரெண்டு பேர் கையில இருக்கார். வெள்ளிப் பாத்திரம் செய்யறவர், சுதந்திரப் போராட்டத்துல ராத்திரியோட ராத்திரியா குதிரையில போய்த் தகவல் சொன்னவர். 1768-ல ஜான் சிங்கிள்டன் காப்ளி வரைஞ்சது ஒண்ணு. வெறும் சட்டையோட, கையில டீ பாட், ஒரு கை தாடையில. அந்த மேஜை பளபளப்புல அவர் கை தெரியுது, டீ பாட்ல விரல் நிழல் தெரியுது, சட்டை மடிப்பைத் தொட்டா மொடமொடன்னு இருக்கும்னு தோணுது. காப்ளி கிட்ட உட்கார்ந்தா நாள் கணக்கா உட்காரணுமாம்.

இன்னொண்ணு 1813-ல ஸ்டூவர்ட் வரைஞ்சது, ரிவியருக்கு 78 வயசு. கறுப்புக் கோட்டு, வெள்ளை முடி, கையில ஒண்ணும் கிடையாது. நான் முதல்ல காப்ளிதான் சூப்பர்னு சொல்லிட்டேன். மாமா என்னைக் கிழவர் படத்துகிட்ட இழுத்துட்டுப் போனார்.

"கன்னத்தைப் பாரு. எத்தனை கலர் இருக்கு சொல்லு."

தோல் கலர்தானே, ஒண்ணுன்னேன். கிட்ட போகச் சொன்னார். போனா பச்சை மாதிரி ஒண்ணு, நீலம் மாதிரி ஒண்ணு, மூக்கு நுனியில ரோஸ், கண்ணுக்குக் கீழ ஊதா. எதையும் தேய்ச்சுக் கலக்கல, தனித்தனியா வெச்ச மாதிரி வெச்சிருக்கார், நாலடி பின்னாடி வந்தா எல்லாம் சேர்ந்து வயசான ஒரு மனுஷனோட உடம்புச் சூடு. தோல் நிறத்தைப் பத்தி ஸ்டூவர்ட் சொன்னது ஒண்ணு உண்டாம், பட்டுக்கடையோட கலகலப்பு அதுல இருக்கணும், பகட்டு இருக்கக் கூடாதுன்னு. சரி, கோட்டைப் பாருன்னார். பார்த்தேன். கறுப்பா பூசி விட்டிருக்கு, பட்டன் இருக்கற இடத்துல நாலு தீத்தல். துணிமணியெல்லாம் டெய்லர் வேலை, நான் கடவுள் பண்ணினதை மட்டும் வரையறேன்னு சொல்வாராம். சோம்பேறித்தனத்துக்கு எவ்வளவு அழகா ஒரு சாக்கு.

பக்கத்துல இன்னொரு மரப்பலகைப் படத்துல சாய்வா கோடு கோடா ஓடறதை மாமாவே கண்டுபிடிச்சார். வெளிநாட்டுச் சரக்கு நின்னுபோன காலத்துல நல்ல கித்தான் கிடைக்காம, பலகையில வரி கீறி துணி மாதிரி ஆக்கி வரைஞ்சாராம். மாமா ஸ்கூல்ல கேன்வாஸ் வாங்கக் காசில்லாம ஹார்ட்போர்டோட சொரசொரப்புப் பக்கத்துல வரையச் சொல்லிக் கொடுத்த கதை அப்பதான் எனக்குத் தெரியும்.

மூணு மணிக்கு பாஸ்டன் காமன். மழை வலுத்துடுச்சு, ஒரு குடைதான் இருக்கு. பாய்ல்ஸ்டன் தெரு பக்கம் இரும்பு வேலி போட்ட பழைய கல்லறைத் தோட்டம். ஸ்டூவர்ட் செத்தது 1828 ஜூலை 9, 72 வயசு, கடைசி நாலு வருஷம் இடது பக்கம் விளங்காம வரைஞ்சுக்கிட்டே இருந்திருக்கார், ஆயிரத்துக்கு மேல போர்ட்ரெயிட், முதல் ஆறு ஜனாதிபதியும் அவர் முன்னாடி உட்கார்ந்தாச்சு. செத்தப்ப குடும்பத்துகிட்ட கடன்தான் மிச்சம். ஒரு தச்சரோட கல்லறையில இடம் வாங்கிப் புதைச்சாங்க. பத்து வருஷம் போல கழிச்சு நியூபோர்ட்டுக்குக் கொண்டு போலாம்னு வந்து பார்த்தா எந்த இடம்னு யாருக்கும் நிச்சயமா தெரியல.

இப்ப வேலியில பேலட், அதான் ஓவியர் கலர் கலக்கற தட்டு, அந்த வடிவத்துல ஒரு வெண்கலத் தகடு இருக்கு. மாமா குல்லாவை எடுத்துட்டு மழையில நின்னார். நான் குடையை அவர் பக்கம் சாய்ச்சா அவர் என் பக்கம் தள்ளறார், கடைசியில ரெண்டு பேரும் நனைஞ்சோம். அந்த வழியா நாயோட போன ஒருத்தர் நின்னு "யாரைத் தேடறீங்க?"ன்னார். ஸ்டூவர்ட்னதும் "ஆர் யூ ஃபேமிலி?"ன்னு கேட்டார். நான் இல்லன்னு சொல்றதுக்குள்ள மாமா "எஸ், சேம் ப்ரொஃபெஷன்"னுட்டார்.

கார்ல வரும்போது நான் கேட்டது ஸ்டூவர்ட் பொண்ணைப் பத்தி. கடைக்குட்டி ஜேன். அப்பாவுக்குக் கலர் அரைச்சுக் கொடுத்தே வரையக் கத்துக்கிட்டவ, உட்கார வெச்சு ஒழுங்கா சொல்லிக் கொடுக்கல மனுஷன். அவர் போனதும் அம்மாவையும் அக்காங்களையும் காப்பாத்தினது அவதான், எதை வெச்சுங்கறீங்க, அதே வாஷிங்டன் படத்துக்குப் பிரதி போட்டுத்தான். 1888 வரைக்கும் நியூபோர்ட்ல இருந்திருக்கா. முந்தின நாள் பூரா அந்த ஊர்லதான் சுத்தினோம், இது மாமாவுக்கும் தெரியும், ஒரு வார்த்தை சொல்லல. "சொல்லியிருக்கலாம்ல மாமா"ன்னேன். கொஞ்ச நேரம் வைப்பர் சத்தம்தான். "தோணலம்மா"ன்னார்.

அக்டோபர் 16, புதன்

வீடு வந்து சேர்ந்தப்ப ராத்திரி ஒரு மணி. நேத்து முழுக்க எனக்குத் தும்மல், மாமாவுக்கு ஒண்ணும் ஆகல. ஜானிகேக் மாவு பாக்கெட் டிக்கியில ஓட்டையாகி பாதி கொட்டியிருந்துச்சு, மீதியை இட்லி மாவுல கலந்து இன்னைக்குக் காலையில தோசை ஊத்தினேன். கல்லை விட்டு எழும்பவே மாட்டேங்குது.

அதுக்கு நடுவுல மாமா ஊருக்கு ஃபோன் போட்டு அவர் கூட வேலை பார்த்த பி.டி. மாஸ்டர்கிட்ட ஸ்பீக்கர்ல பேசிட்டிருக்கார். "அட்வான்ஸ் வாங்கிட்டு ஓடிப் போற பயதான்யா. ஆனா அந்தக் கன்னம் இருக்கே, அடாடா, நீ பார்க்கணும்." அந்தப் பக்கம் அவருக்கு ஒண்ணும் புரியல, "யார் கன்னம்?"னு கேட்டுட்டே இருக்கார். அதைக் கேட்டுக்கிட்டே நின்னதுல மூணாவது தோசையும் கருகிடுச்சு.